விட மறுத்த காந்தம்

ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தாள். சோடா மூடிகள் விழவில்லை.

மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் எடுத்தாள். துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டியிருந்த மின்காந்தத்தை மூடிகள் விடவேயில்லை, ஊஞ்சலை விட்டு இறங்க மனமில்லாத பிள்ளைகள் மாதிரி. ஓங்கி உலுக்கினாள். ஒன்றே ஒன்று கீழே விழுந்து, உருண்டு, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

"விழுந்து தொலைங்களேன்!"

"யாரோடடி சண்டை?" சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

"இந்த மூடிங்களோட அண்ணி. காந்தம் தூக்குது, ஆனா விட மாட்டேங்குது."

"உங்க அண்ணன் கையில ரிமோட் இருக்கிற மாதிரின்னு சொல்லு."

மூடிகளோடு மல்லுக்கட்டியவளுக்கு வீட்டில் பெயர் பியூஸ். பழுதான மிக்ஸி ஒன்றைப் பிரித்து, திரும்ப மாட்டி, ப்ளக்கைச் செருகி, வீடு முழுவதையும் இருட்டாக்கிய நாளில் அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது பத்தாவது படிக்கிறாள். பெயர் மட்டும் போகவில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. அன்று எந்த ஒயர் எதைத் தொட்டது என்று கண்டுபிடித்தவளும் அவள்தானே.

ஆனால் இன்றைக்கு விளையாட்டு இல்லை. நாளை திங்கட்கிழமை. அண்ணி திரும்ப வேலைக்குப் போகிற நாள்.

அண்ணிக்கு வேலை பழைய பாட்டில் உடைக்கும் கிடங்கில். உடைந்த கண்ணாடி ஒரு நீளமான மேஜையில் மெதுவாக நகர்ந்து வரும். காகிதத்தையும் மெல்லிய அலுமினிய மூடியையும் மின்விசிறி ஊதித் தள்ளிவிடும். சோடா மூடிகள் இரும்புத் தகடு, காற்றுக்கு நகராது. ஒரு மூடி கண்ணாடியோடு உலைக்குப் போனாலும் அந்த வார்ப்பு முழுக்கக் கெட்டுப்போகும் என்பதால், மேஜை ஓரத்தில் நிற்கிற பெண்கள் கையால்தான் பொறுக்க வேண்டும். ரப்பர் கையுறையைக் கண்ணாடி கிழித்துவிடும். தோல் கையுறை போட்டால் மூடி விரலுக்கு அகப்படாது. அப்படித்தான் அண்ணியின் வலது ஆள்காட்டி விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. தையல் பிரித்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அதே இடத்தில் இன்னொரு வெட்டு பட்டால் அந்த விரல் இனி மடங்காது.

"வேலையை விட்டுடேன்" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பட்டறை லேத்துல விரலை நசுக்கிக்கிட்டு வந்தீங்களே, அப்போ நான் அப்படிச் சொன்னேனா?"

அன்றைக்குத்தான் பியூஸ் மனதுக்குள் முடிவு கட்டினாள். அண்ணி போகட்டும். ஆனால் அவள் கை அந்தக் கண்ணாடிக்குள் போகக் கூடாது.

முதலில் ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் குச்சியில் கட்டிப் பார்த்தாள். மூடிகள் பாய்ந்து வந்து ஒட்டின. ஆனால் ஒட்டியதைப் பிய்த்தெடுக்க மறுபடியும் கைதான் வேண்டியிருந்தது. இடையில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லு யார் விரல் என்று பார்த்துக் கீறாது. வேண்டியது, சொன்னால் பிடித்து, சொன்னால் விடுகிற காந்தம். அதாவது மின்காந்தம்.

அதைச் செய்வது பெரிய வித்தையில்லை. கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் கொஞ்சம் காந்தத்தன்மை வரும். ஒற்றைக் கம்பியில் அது ஒரு குண்டூசியைக்கூட அசைக்காது. அதே கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் பங்கும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சுருளுக்குள் ஓர் இரும்பைச் செருகினால் பலம் பல மடங்காகும். அதற்காக அண்ணன் தன் பட்டறையிலிருந்து ஒரு குட்டி ராடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். எரிந்துபோன மேஜை விசிறியின் மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை அவள் பொறுமையாகப் பிரித்தெடுத்தாள். அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருப்பதால்தான் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டாலும் மின்சாரம் குறுக்கே தாவாமல் வரிசையாகச் சுற்றி வருகிறது. இரண்டு முனைகளில் மட்டும் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். ஒரு முனை டார்ச் பேட்டரிகளின் வரிசைக்கு, இன்னொரு முனை காலிங் பெல் ஸ்விட்சுக்கு, அங்கிருந்து ஒரு ஒயர் திரும்பவும் பேட்டரிக்கு. அழுத்தினால் வட்டம் முழுமையாகி மின்சாரம் ஓடும்; விட்டால் வட்டம் அறுந்து நின்றுவிடும்.

நின்றுவிட வேண்டும். அதில்தான் வில்லங்கம்.

ஒருவேளை ஸ்விட்ச் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ? கழற்றிப் பார்த்தாள். தகடு துள்ளிக்கொண்டுதான் மேலே வந்தது. ஒயர் எங்காவது தோல் உரிந்து தொடுகிறதோ? விரலால் தடவிக்கொண்டே வந்தாள், இல்லை. கடைசியில் பேட்டரியையே பிடுங்கித் தரையில் வைத்துவிட்டாள். வட்டத்தில் இப்போது சொட்டு மின்சாரம் இருக்க வழியில்லை.

மூடிகள் அப்படியே தொங்கின.

அவளுக்குக் கோபம் போய் வியப்பு வந்தது. ஆக, ஸ்விட்ச் மேல் குற்றமில்லை. ஒயர் மேலும் இல்லை. மின்சாரமே இல்லாமல் எது இவற்றைப் பிடித்திருக்கிறது?

சுற்றுகளில் பாதியைப் பிரித்துவிட்டுப் பார்த்தாள். தூக்கிய மூடிகள் குறைந்தன. தூக்கியதை மட்டும் விடவில்லை. திரும்பச் சுற்றினாள். விரல் நுனிகள் சிவந்துபோயின. "சாப்பிட்டுட்டுப் பாரேன்" என்று அண்ணி தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தட்டு ஆறிப்போயிற்று.

மதியம் அண்ணன் வந்து கதவருகில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். "என்ன பியூஸு, வீட்ல கரண்ட் இருக்கா, இல்ல முடிச்சுட்டியா?"

"நீ குடுத்த ராடு சரியில்ல அண்ணா."

பியூஸுக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. எரிச்சலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். ஆனால் அண்ணனுக்கு அது நேரே தன்மானத்தில் போய்க் குத்தியது.

"எது? அந்த ராடா? ஏய், அது எங்க பட்டறையிலேயே ஒண்ணாம் நம்பர் எஃகு. நான் என் கையால கடைஞ்சு, பாலிஷ் போட்டுக் குடுத்தது. மூஞ்சி பார்த்துத் தலை சீவலாம். அதைப்போய் சரியில்லைங்கிறா!"

"மூஞ்சி பார்க்கிறதுக்கா கேட்டேன்? மூடியை விட மாட்டேங்குது."

"பிடிச்சதை விடாம இருக்குன்னா அதுக்குப் பேரு தரம்."

"அப்போ உங்க தரத்தை வெச்சு நாளைக்கு என் விரலைத் தைச்சுக்கலாம்" என்றாள் அண்ணி. அண்ணன் கை கழுவப் போனான்.

பியூஸ் கட்டையை மடியில் போட்டுக்கொண்டு மூடிகளை முறைத்துப் பார்த்தாள். மேல் மூடி ராடைப் பிடித்திருந்தது. இரண்டாவது மூடி ராடைத் தொடக்கூட இல்லை. மேல் மூடியைப் பிடித்திருந்தது. மூன்றாவது, இரண்டாவதை. சங்கிலி மாதிரி. அப்படியென்றால் மூடிகளும் காந்தமாகிவிட்டன.

குறடால் மேல் மூடியைப் பிடித்து ராடிலிருந்து பிய்த்தாள். அது கழன்ற கணத்திலேயே கீழே தொங்கிய இரண்டும் பொலபொலவென்று உதிர்ந்தன. குறடில் இருந்த மூடியை அவற்றின் அருகே கொண்டுபோனாள். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சற்று முன்வரை விடாமல் தாங்கியவை, இப்போது முன்பின் அறியாதவை போலக் கிடந்தன. திரும்ப ராடில் வைத்தாள். சங்கிலி ஒட்டிக்கொண்டது. பிய்த்தாள். உதிர்ந்தது.

"அண்ணி! இங்க வாங்களேன்!"

அண்ணி ஈரக் கையோடு வந்தாள்.

"இந்த மூடியும் இரும்பு, அந்த ராடும் இரும்பு. மூடி, காந்தத்துல ஒட்டியிருக்கிற வரைக்கும்தான் காந்தம். பிரிச்சா வெறும் தகரம். ராடு அப்படி இல்ல. பேட்டரியை எடுத்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் காந்தமாவே இருக்கு. ரெண்டும் ஒரே இரும்பு இல்ல."

அண்ணி மூடியை வாங்கி, இடது கைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அது சுலபமாக வளைந்தது. "இது பிசுக்குனு மடங்குது. உங்க அண்ணன் ராடை மடக்கச் சொல்லு பார்ப்போம்."

பியூஸ் அப்படியே நிமிர்ந்தாள். "அண்ணா! அந்த ராடை அரத்தால ராவ முடியுமா?"

"ராவுறதா?" துண்டால் முகம் துடைத்தபடி அண்ணன் சிரித்தான். "அரம்தான் வழுக்கும். தணல்ல செக்கச்செவேல்னு காய வெச்சு எண்ணெயில முக்கி எடுத்தது அது. ஹார்டனிங். அதான் அவ்வளவு கெட்டி."

"அதான் அண்ணா! அந்தக் கெட்டிதான்!"

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பியூஸ் தன் பள்ளி மைதானத்தை அவனுக்கு இழுத்து வந்தாள்.

"இரும்புக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தம் நிறைய இருக்குன்னு வெச்சுக்கோ, ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி. சும்மா இருக்கிறப்ப ஒண்ணு அந்தப் பக்கம் பார்க்கும், ஒண்ணு இந்தப் பக்கம் பார்க்கும். ஒண்ணோட பலம் இன்னொண்ணால போயிடும். சுருள்ல கரண்ட் ஓடினா பிரேயர் மணி அடிச்ச மாதிரி. எல்லாம் ஒரே பக்கம் திரும்பி வரிசையா நிக்கும். அப்போதான் மொத்த இரும்பும் காந்தம்."

"சரி, கரண்ட் நின்னா?"

"மென்மையான இரும்புன்னா வரிசை கலைஞ்சிடும். நம்ம தெருப் பசங்க மாதிரி, மணி ஓய்ஞ்சதும் ஆளுக்கொரு பக்கம் ஓடிடும். கெட்டி எஃகுல திரும்புறதும் கஷ்டம், திரும்பினது கலையறதும் கஷ்டம். விறைப்பா நின்ன இடத்துலயே நிக்கும்."

அண்ணன் குனிந்து ராடைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான். "அப்போ நான் நல்லதா குடுத்ததுதான் தப்பா?"

"நல்லதுதான் அண்ணா. ஆனா இந்த வேலைக்கு மட்டமானது வேணும்."

"இருக்கிறதுலேயே மட்டமான இரும்பா?" அவன் உற்சாகமாகிவிட்டான். "அதுக்கா பஞ்சம்?"

மூவரும் வீட்டை அலசினார்கள். கிடைத்ததையெல்லாம் பியூஸ் சுருளுக்குள் செருகி, ஸ்விட்சை அழுத்தி, விட்டுப் பார்த்தாள். ஸ்க்ரூட்ரைவர் பிடித்தது, விடவில்லை. கத்திரிக்கோலின் ஒரு பாதியும் அப்படித்தான். "இனி இதை வெச்சுத் துணி வெட்டினா ஊசியெல்லாம் பின்னாலயே வரும்" என்று அண்ணி அதைப் பிடுங்கி வைத்தாள். சாதாரண ஆணி பிடித்தது, விட்டது. ஆனால் ஒல்லி, ஒரு மூடிக்கு மேல் தாங்கவில்லை.

அண்ணன் கொல்லைப்புறம் போனான். வேலியைக் கட்டியதில் மிச்சமாகி, முளையில் மாட்டியிருந்த கட்டுக்கம்பிச் சுருளோடு திரும்பினான். கட்டடத்தில் இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று கட்டுவார்களே, அந்தக் கறுத்த கம்பி. "இதைக் காய வெச்சு மெதுவா ஆற விட்டிருப்பாங்க. எண்ணெயில முக்க மாட்டாங்க. அதனால கையாலயே முறுக்கலாம், நூல் மாதிரி."

பியூஸ் ஒரு துண்டை வளைத்தாள். எந்தப் பிடிவாதமும் இல்லாமல் வளைந்து, வளைத்தபடியே நின்றது.

அண்ணன் அதைச் செம்புச் சுருளின் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றையும் நேராக்கினாள். அண்ணி அடிபட்ட விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் அவற்றைக் கீரைக்கட்டு போல அடுக்கி நூலால் இறுக்கினாள். ராடை உருவிவிட்டு, அந்தக் கட்டைச் சுருளுக்குள் தள்ளினார்கள். கொஞ்சம் அடம்பிடித்தது, சுத்தியலின் பிடியால் இரண்டு தட்டு தட்டியதும் உள்ளே போய் உட்கார்ந்தது. பேட்டரியில் ஒயரை மாட்டினாள்.

உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒரு தொட்டியில் பொடி ஜல்லியைக் கொட்டி, மூடிகளை அதில் புதைத்துக் கலக்கினான் அண்ணன். பக்கத்தில் ஒரு வாளி.

"குடு இங்க" என்று அண்ணி கையை நீட்டினாள். "நாளைக்கு நான்தானே பிடிக்கணும்."

கட்டையை அவள் அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஸ்விட்சை அழுத்தினாள். நுனியை ஜல்லிக்குள் மெல்ல உழுதாள். ஜல்லி ஒதுங்கியது, மூடிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஒட்டின. கொத்தாகத் தூக்கி, வாளிக்கு மேலே கொண்டுபோனாள்.

விரலை எடுத்தாள்.

மூடிகள் கடகடவென்று வாளிக்குள் கொட்டின. ஒன்றுகூட ஒட்டி நிற்கவில்லை.

"அடியாத்தீ!" என்றான் அண்ணன்.

அண்ணி திரும்பவும் அழுத்தினாள், தூக்கினாள், விட்டாள். தொட்டியில் மூடி தீர்ந்ததும் வாளியைக் கவிழ்த்து ஜல்லியில் கலந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பொறுக்கினாள். ஒரு தடவைகூட அவள் கை ஜல்லியைத் தொடவில்லை. பிறகுதான் நிமிர்ந்தாள்.

"பியூஸு, நாளைக்குக் கூட நிக்கிறவங்க கேட்பாங்க. இது எப்படின்னு சுருக்கமா சொல்லிக் குடு."

பியூஸ் ஆறிப்போன தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் அள்ளிப் போட்டபடியே சொன்னாள்.

"சுருளுக்குள்ள கெட்டி எஃகு வேண்டாம், மென்மையான இரும்பு போடுங்க. ஸ்விட்சை அழுத்தினா தூக்கும். விரலை எடுத்தா விட்டுடும்."