ஓரெஸ்ட் வீட்டில் இருந்த குளிர்காலம்

என் கணவர் ஓரெஸ்ட் முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி, அக்டோபரில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு வந்த முதல் பனிப்புயலன்று காலையிலிருந்து அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எங்கள் ஊரில் மொத்தமே நாற்பது வீடு. சாலையை ஒட்டிய வீடு எங்களுடையது. ஜன்னலுக்கும் ரேடியோவுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் உட்காரேன். தரை தேஞ்சுடும்" என்றேன்.

"மூஸ் ஜா டவுன் வரைக்கும் சாலைய மூடிட்டாங்களாம், பெர்னிஸ். அந்தப் பொண்ணு மேட்டுக்கிட்ட என்ன பாடுபடுறாளோ."

அவருடைய இடத்தில் புதிதாக வேலைக்கு வந்திருந்த டானிகாவைத்தான் சொன்னார்.

"உன்ன யாரும் கூப்பிடல."

"கூப்பிட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்."

மதியம் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பிக்கப் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவருடைய போன் மேஜை மேலேயே கிடந்தது.

ஒன்றரை மணி நேரம் கோட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

கடைசியில் பனி தள்ளும் வண்டியே வாசலுக்கு வந்து நின்றது. டானிகா இறங்கினாள். மறுபக்கத்தில் ஓரெஸ்ட், தலையைத் தொங்கப் போட்டபடி.

"பிக்கப் மேட்டுக்குக் கீழ பள்ளத்துல கிடக்கு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். "வழியில மாட்டிக்கிட்டவங்க பதினொரு பேர் என் பின்னாலயே வர்றாங்க. ஊர்க்கூடத்துல ஹீட்டர் ஓடல. இங்க இருக்கட்டுமா?"

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

ஒரு லாரிக்காரர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, ரெஜைனா நகரத்துக்கு ஹாக்கி ஆடப் போன பெண்கள் எட்டுப் பேர். வீடு ஈர பூட்ஸால் நிறைந்தது. ஓரெஸ்ட் கொஞ்ச நேரம் மூலையில் நின்றார். அப்புறம் குழந்தையின் தாய் பால் சூடாக்கப் பாத்திரம் கேட்டாள். எடுத்துக்கொடுக்கப் போனவர் அடுப்படியிலேயே நின்றுவிட்டார். ஃப்ரீசரில் இருந்த பெரோகி, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, முழுவதையும் வேகவைத்து, வெங்காயம் வதக்கி, தட்டு தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு வச்சுக்கோம்மா. ரெஜைனா எங்கயும் ஓடிடாது."

மறுநாள் சாலை திறந்ததும் எல்லோரும் போனார்கள். அந்த வாரமே அவர் ஊர்க் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போட்டு, கூடத்து ஹீட்டரைச் சரிசெய்ய வைத்தார். சாவியையும் வாங்கிக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் சாலையை இன்னும் மூன்று முறை மூடினார்கள். மூன்று முறையும் அவர் முன்பின் தெரியாதவர்களோடு கூடத்தில்தான் படுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் விடுற குறட்டையில என் வண்டிச் சத்தமே கேக்கல" என்றாள் டானிகா.