எதுக்களிப்பு

கை கழுவ எழுந்த நல்லகாமன் தன் இலையை மடக்கவில்லை. அது அவன் மனைவி ஜெயக்கொடி சாப்பிட வேண்டிய இலை. மென்று துப்பிய எலும்புகள், ரசத்தில் ஊறி நொதநொதத்த சோறு, ஓரமாக ஒதுக்கிய கொழுப்பு. அதற்குள் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

"உக்காந்து தின்னு. ஆம்பள மிச்சம் வச்சத வீணாக்கக் கூடாது" என்றாள் மாமியார் ராமக்காள்.

ஜெயக்கொடிக்கு ஏற்கெனவே நெஞ்சு காந்தியது. காலையிலிருந்து வெறும் வயிறு. அந்தத் தல்லாகுளத்து வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்குச் சோறு. ராமக்காளின் இளைய மகனுக்குப் பெண் தேடித் தரக் கல்யாணத் தரகர் சின்னச்சாமி வந்திருந்ததால் இன்று இன்னும் தாமதம்.

அவள் பருத்த உடம்புக்காரி. கீழக்குயில்குடி வயல்களில் கதிரறுத்துச் சுமந்த உடம்பு அது. நோய் என்று படுத்ததில்லை. பெண் பார்க்க வந்த ராமக்காள்தான், ஆபீஸில் வேலை பார்க்கும் தன் மகன் பக்கத்தில் இவளை நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்றாள். உடம்பைக் குறைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்றாள். பட்டினி கிடந்தும் குறையவில்லை. மெட்ராஸில் அதற்கொரு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா முத்திருளன் கிணற்றடி நிலத்தை விற்றுவிட்டு மகளை அழைத்துப் போனார்.

வயிற்றைக் கைப்பிடி அளவுக்குத் தைத்துச் சுருக்கினார்கள். உடம்பு இளைத்தது, கல்யாணம் நடந்தது. கூடவே புளித்த நீர் தொண்டைக்கு ஏறத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கணவனிடம் சொன்னபோது, ஆத்தா மனசு கோணாமல் நடந்துகொள் என்றான். அவள் வாய் நாறுகிறது என்று கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். படுத்தால் புளித்த நீர் மேலேறியதால், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள்.

இப்போது இலை முன் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சில கவளங்களை விழுங்கினாள். அவ்வளவுதான். எழுவதற்குள் எல்லாம் இலையிலேயே வந்து விழுந்தது. புளிப்பு மூக்குவரை ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. நல்லகாமன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனான்.

ராமக்காள் தரகரிடம் திரும்பினாள். "பாத்தீகளா அண்ணே, இந்தச் சீக்காளியக் கட்டிவச்சுட்டு நாங்க எம்புட்டுப் பாடு படுறோம்னு. சின்னவனுக்கு ஒல்லிக்குச்சி வேணாம். நல்லாத் திங்கிற, உடம்பான பொண்ணாப் பாருங்க."

ஜெயக்கொடி முந்தானையால் வாயைத் துடைத்தாள். தொண்டை எரிந்ததால் தரகரிடம் மெதுவாகத்தான் பேச வந்தது.

"நானும் அப்பிடித்தான் இருந்தேன், சித்தப்பா. இவுகதான் கொறச்சுட்டு வரச் சொன்னாக. வயித்தக் கிழிச்சுத் தச்சுக்கிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன்."

தரகர் ராமக்காளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைவசம் நல்ல இடம் இருப்பதாகச் சற்று முன்பு சொன்னவர், விசாரித்துச் சொல்வதாக முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.

அன்று முழுக்க ராமக்காள் திட்டித் தீர்த்தாள். மறுநாள் காலை, சோறு வடித்ததும் ஜெயக்கொடி அதில் கொஞ்சம் எடுத்துப் பால் விட்டுக் குழைத்து, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். ஆபீஸுக்குக் கிளம்பிய நல்லகாமன் வந்து நின்றான். பின்னாலேயே ராமக்காள்.

"அவனுக்கே இன்னும் எல போடல. நீ என்ன செய்யிற?"

"இருங்க அத்தே. சாப்பிட்டுட்டு வந்து போடுறேன்."

நல்லகாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஜெயக்கொடி அடுத்த கவளத்தை எடுத்து, அவசரமில்லாமல் மென்றாள்.