சுருங்கிய கயிறு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருவரங்குளம் தாண்டி நின்றுவிட்ட ஒரு பேருந்தின் சன்னலில். டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு சின்னக் கல்லூரியின் மைதானம். ஒரு பெண் கயிற்றின் நுனியைப் பிடித்து வளைந்து நடந்தபடி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேடினேன். ஆள் இல்லை. தரையில் அடித்த ஓர் இரும்புக் கம்பி.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் புனைவு.

2

அவளுக்குச் சொர்ணம் என்று பெயர் வைத்தேன். உடற்கல்வி ஆசிரியை. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கணவனை இழந்த சொர்ணம்…’

அடித்துவிட்டேன். தனியாக நிற்கும் பெண்ணைக் கண்டால் என் பேனா உடனே ஒரு சாவைத் தேடுகிறது. (கணவர் இருக்கட்டும். நல்லவராகவே இருக்கட்டும். எழுதிப் பார்த்தேன், மைதானத்தில் அவள் தனிமை கொஞ்சமும் குறையவில்லை.)

அவளுடைய தடகள அணியில் மிஞ்சியிருப்பவள் தேவிப்ரியா மட்டும். மற்றவர்கள் கம்ப்யூட்டர் கிளாஸ், துணிக்கடை வேலை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

“ஒத்தப் புள்ளைக்கு இம்புட்டுக் கோடா மேடம்?” என்கிறார் அட்டெண்டர் அய்யாக்கண்ணு. “ஒரு லைன் போட்டா அதுபாட்டுக்கு ஓடிட்டுப் போகுது.”

“பக்கத்துல ஆளு ஓடுறாப்புல அதுக்குத் தோணணும்லண்ணே.”

(இந்தப் பதிலை நான் யோசித்து வைக்கவில்லை.)

3

கதைக்குச் சிக்கல் வேண்டும். மழையை வரவழைத்தேன். கோடுகள் கரைந்தன. வெளியே கிடந்த நூல்கயிறு நனைந்து, காய்ந்து, சுருங்கியது. அளவுக்காகப் போட்ட முடிச்சு அப்படியே இருந்ததால் சொர்ணம் அதை நம்பி மறுபடி கோடு போட்டாள். வளைவுகள் உள்வாங்கிச் சுற்று சிறுத்துவிட்டது. அதில்தான் தேவிப்ரியா நானூறு மீட்டரை அதுவரை ஓடாத வேகத்தில் ஓடி முடித்தாள்.

“வாட்ச்ச இன்னொருக்கா காட்டுங்க மேடம்! மீட்ல மெடலு நமக்குத்தான?”

“மொதல்ல ஒக்காந்து மூச்ச வாங்குடி.”

“நின்னுரு நின்னுருன்னு எங்கம்மா ஒரே நச்சரிப்பு. இனிமே வாயத் தொறக்கட்டும், பாப்போம்.”

அவள் போன பிறகு ஏதோ உறுத்த, சொர்ணம் டேப்பை எடுத்துக் கயிற்றை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

4

தடகளப் போட்டி, அவர்கள் சொல்லும் மீட், சனிக்கிழமை. சொன்னால் பிள்ளை மனம் உடைந்து நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் அந்நிய மைதானத்தின் கடைசி வளைவில் அவளாகவே தெரிந்துகொள்வாள். சொர்ணத்தின் பயம் பிள்ளைக்காகவா, ஆளில்லாமல் போகப்போகும் மைதானத்துக்காகவா? கேட்டேன். அவள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை.)

5

ஒரு முடிவில், தேவிப்ரியா கயிற்றின் மறுமுனையைப் பிடித்து, “இப்பச் சரியாப் போடுங்க மேடம்” என்கிறாள். அழகாக இருந்தது. கிழித்துவிட்டேன், அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருந்தது, அவர்களுக்கு அல்ல. இன்னொன்றில், எதுவும் சொல்லாமல் இருவரும் மீட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். மெடலை எங்கே மாட்டுவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறாள் பிள்ளை. அந்தப் பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மிஞ்சியது இது. மறுநாள் காலை. யாரும் வருமுன்னே சொர்ணம் சரியான அளவில் புதுக்கோடு போட்டிருக்கிறாள். பழையதை அழிக்கவில்லை. தேவிப்ரியா பையை இறக்கிவிட்டு இரண்டையும் பார்க்கிறாள்.

“எதுல மேடம் ஓட?”

சொர்ணம் வாயைத் திறக்கிறாள்.

டயர் மாற்றி முடித்துவிட்டார்கள். “ஏறுங்க, ஏறுங்க” என்கிறார் கண்டக்டர். நான் புதுக்கோட்டை போயாக வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.