மழை வராத வாரம்

"நாம நல்ல நேரம் பார்த்து வெளிநாட்டுக்குப் போகணும்ங்கறீங்க. அங்கே இருக்கிறவங்க நல்ல நேரம் வந்தா எங்கேப்பா போவாங்க?"

பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில் மகள் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார் அப்பா. இப்போது மகள் படிப்பையே முடித்துவிட்டாள். அப்பா இன்னும் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படித்துப் படித்து, உலகத்தில் எதுவும் நடக்கும் என்று நம்பிப்போனவர் அவர். வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தால் போதும். வசந்த காலத்தில் மகரந்தம் பறக்கும், மூக்கடைக்கும். கோடையில் கூட்டம், ஒரு மலையைப் பார்க்கக்கூட எக்கிப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் வழுக்கும். மிச்ச மாதங்களில் டிக்கெட் மலிவு. மலிவென்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. அலுவலகத்தில் அவருக்கு 'வானிலை' என்று பெயர். அவரிடம் யோசனை கேட்டவர்கள் எல்லாரும் போய்வந்து சாக்லேட் கொடுத்தார்கள். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார்.

மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தபோது மனைவி இடுப்பில் கையை வைத்தாள். "ஏங்க, இவ வேலையில சேர்ந்துட்டா அப்புறம் மூணு பேரும் சேர்ந்து போறது கனவுதான். இந்தத் தடவையும் தள்ளிப்போட்டீங்கன்னா உங்களை விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் கிளம்பிடுவோம், ஆமா."

அப்படித்தான் இலையுதிர் காலத்தின் நடுவில் ஒரு வாரம் முடிவானது. வெயில் இல்லை, மழை இல்லை, கூட்டம் இல்லை. குற்றம் கண்டுபிடிக்க முயன்று அவரே தோற்றுப்போன வாரம்.

பெட்டி கட்டும் சமயத்தில் கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்குப் போனார். கடைக்காரர் தனிக்கட்டை. பார்வை உள்ளது ஒரு கண்ணில்தான்; அந்தக் கண்ணுக்குத்தான் அதே வாரம் ஆபரேஷன். முதுகைக் காட்டியபடி போனில் அண்ணன் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லப்பா, லீவு தரலைன்னா நீ என்ன பண்ணுவே? சொட்டு மருந்துதானே, தடவித் தடவி நானே போட்டுக்குவேன். மேல்வீட்ல மட்டும் மூச்சு விட்டுடாதே. பாவம், இப்பத்தான் ஒருவழியா கிளம்புறாங்க."

அப்பா ரொட்டி வாங்காமலே படியேறினார். மகள் பிறந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. தினமும் விடிந்தால் வாசற்கதவின் கைப்பிடியில் சூடாக ஒரு ரொட்டிப் பொட்டலம் தொங்கும். மணி அடித்ததில்லை. பிறகும் அதைப் பற்றிக் கடைக்காரர் வாய் திறந்ததில்லை. நன்றி சொல்ல நல்ல நேரம் பார்த்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

உண்மையைச் சொன்னால் மனைவி நின்றுவிடுவாள், மகளும் நின்றுவிடுவாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த வாரம் மழை வரும் போலிருக்கு. நான் வரலை."

"மழையா?" மனைவி பெட்டியை டொம்மென்று மூடினாள். "உங்களை மியூசியத்துலதாங்க வைக்கணும். கையில ஒரு குடையோட!"

"வேண்டாம்மா, அங்கே கூரை ஒழுகுமான்னு கேப்பாரு," என்றாள் மகள். சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

இத்தனை வருஷத்துச் சாக்குகளைப் பொறுத்துக்கொண்ட கடவுள் இந்த ஒன்றையும் பொறுத்துக்கொள்வார் என்று அவர் ஜன்னலைப் பார்த்து நின்றார். வெளியே ஒரு மேகம்கூட இல்லை.

அவர்கள் போனார்கள்.

கீழ்வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிய கண்ணோடு கட்டிலில் இருந்தவர் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். "யாரு, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் அனுப்பியிருக்காங்களா?"

"ம்."

"நல்லவேளை வந்தீங்க. காலையில பாதி மருந்து காதுக்குப் போயிடுச்சு."

அப்பா கண் கட்டை மெல்லப் பிரித்தார். கடைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். "மேல்வீட்ல ஒரு சார் இருக்கார் தம்பி. வெளிநாடு போக நாள் பார்த்துப் பார்த்தே தலை நரைச்சுப்போச்சு. போன மாசம் என் ஆபரேஷனுக்கே நல்ல சீசன் எதுன்னு சொன்னாருன்னா பாருங்களேன்! தங்கமான மனுஷன். இந்நேரம் அங்கே குடும்பத்தோட நல்லா சுத்திக்கிட்டிருப்பார்."

"ம்."

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. வெயில் கொட்டும் சதுக்கத்தில் மனைவியும் மகளும் நிற்கும் படம். கீழே, 'எங்கேங்க உங்க மழை?' அவர் அதைப் பையில் போட்டுவிட்டு, பார்வை இன்னும் தெளியாத அந்தக் கண்ணின் இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டார்.

மறுநாள் விடியலில், கடைக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அப்பா வேறு கடையில் வாங்கிய சூடான ரொட்டியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு படியேறினார்.