இருபத்தோராவது தோட்டா

1

இந்தக் கதை முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார், நான் காது கொடுத்தேன். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.)

முதல் தொடக்கம்: "மிச்சிகனின் தென்பாதியில் நவம்பர் பதினைந்து விடிந்தால், மான் வேட்டைக்கு..." அடித்துவிட்டேன். சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "கெரிட் ஹோக்ஸ்ட்ரா வாழ்நாளில் கடைத் தோட்டா வாங்கியதில்லை." இது இருக்கட்டும்.

2

கெரிட்டுக்கு முதலில் எழுபது வயது கொடுத்தேன். கை நடுங்கியது, கண் மங்கியது என்று பழியை வயதின் தலையில் கட்ட வசதியாக இருந்தது. அது நியாயமில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு. கண் நன்றாகவே தெரியும். தப்பு செய்தது அவருடைய திமிர்.

போன வருடம் சாப்பாட்டு மேசையில், மருமகன் டுவேன் புது ரைஃபிளுக்கு வாங்கிய பெட்டியைக் காட்டினான். விரல் தடிமனான பெரிய தோட்டாக்கள். கெரிட் உருளைக்கிழங்கை மென்றபடி கேட்டார்.

"கடையில வாங்குனதா மாப்ள? அப்போ மானையும் கடையிலயே வாங்கிட்டு வந்துரலாமே."

எல்லோரும் சிரித்தார்கள், டுவேன் உட்பட. அதன்பின் ஒரு வருடம் அவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் ட்ரூடி மட்டும் தனியாக வந்து போனாள். "நீங்க பேசுனது சரியில்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அது கெரிட்டுக்கு வலித்தது.

3

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கெரிட்டுக்குக் கிடையாது. அதனால் இருபது தோட்டாக்களைத் தன் கையாலேயே செய்து ட்ரூடியிடம் கொடுத்தனுப்பினார். அன்று மாலையே டுவேன் போன் செய்தான்.

"மாமா, இருபதும் வந்துச்சு. கடைத் தோட்டாவ எல்லாம் ஃப்ரெண்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். இந்த வருஷம் உங்களுதுதான்."

"பாத்து சுடு மாப்ள" என்றார் கெரிட். அவருக்கு அழுகை வந்தது. (ஆண்கள் அழுவதை இவ்வளவு நேரடியாக எழுதலாமா என்று யோசித்தேன். வந்தது, எழுதிவிட்டேன்.)

4

இனி கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

கெரிட் முப்பது வருடமாக ரிவால்வருக்குத் தோட்டா செய்தவர். அதில் நுனியிலுள்ள குண்டு நகராமலிருக்கப் பித்தளைக் கூட்டின் வாயை உள்பக்கமாக அழுத்தி மடிக்க வேண்டும். இந்தப் பெரிய ரைஃபிள் தோட்டாவில் அப்படிச் செய்யக்கூடாது. துப்பாக்கிக்குள் அதைச் சரியான இடத்தில் நிறுத்துவதே அந்த வாய்தான். வாயை மடித்தால் தோட்டா அளவுக்கு மீறி உள்ளே போய்விடும்.

அது அவருக்கும் தெரியும். கைதான் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் மடித்துவிட்டது.

இன்று மதியம், மீந்துபோன இருபத்தோராவது தோட்டாவை, துப்பாக்கியின் உள்ளளவுக்கே செய்த அளவுக்குழாயில் போட்டுப் பார்த்தார். விளிம்போடு நிற்க வேண்டியது உள்ளே இறங்கியது. கெரிட் காபியைக் கீழே வைத்தார்.

5

முடிவு (அ): கெரிட் சொல்லவில்லை. டுவேன் விசையை அழுத்தினால், உள்ளே போய்விட்ட தோட்டாவைத் துப்பாக்கியின் ஊசி சரியாக எட்டாமல் 'டிக்' என்று மட்டும் கேட்கிறது. மான் ஓடிவிடுகிறது. டுவேன் மறுபடி வாசலை மிதிப்பதில்லை.

முடிவு (ஆ): எப்போதாவது ஒன்று, ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். அதற்குள் டுவேன் கைப்பிடியை இழுத்துத் திறந்து, என்ன கோளாறு என்று குனிந்து

இதை முடிக்க மாட்டேன்.

முடிவு (இ): கெரிட் சொல்லிவிடுகிறார். ஒரு வருடமாகக் காத்திருந்த மருமகன் கேட்கிறான்: "கடையில வாங்கியிருக்கலாமோ மாமா?"

கெரிட் பயப்படுவது இதற்குத்தான். (ஆ)வைவிட (இ)க்கு அதிகம் பயந்தார் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

6

முடிதிருத்தும் கடை பொய். இந்த ஊரில் கெரிட் என்று யாரும் இல்லை.

இருபத்தோராவது தோட்டா என் மேசைமேல், இந்தத் தாள் பறக்காமலிருக்க நிற்கிறது. இன்று நவம்பர் பதினான்கு, மணி மூன்றரை. நான்கு மணிக்கு அவன் காட்டுக் குடிசைக்குக் கிளம்பிவிடுவான். அங்கே டவர் கிடையாது. மதியத்திலிருந்து நான் போன் செய்யாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றில் எது பொருந்துகிறதோ, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.

ரிங் போகிறது.

"சொல்லுங்க மாமா" என்கிறான்.