பதினேழு முடக்கு

தேயிலைத் தோட்டத்தில் அவனைத் தப்பால் ராஜதுரை என்றுதான் சொல்வார்கள்; தபாலுக்கு அங்கே அந்தப் பெயர். காலையில் ஆபீசில் கடிதப் பையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டர் இறங்கிப் பலாங்கொடை தபால் கந்தோருக்குப் போவான். வந்த கடிதங்களோடு அதே ஒன்பது கிலோமீட்டரை ஏறி வருவான். பதினொரு வருடமாக இதுதான் வேலை. பாதையில் பதினேழு முடக்கு, எல்லாம் கொண்டை ஊசித் திருப்பங்கள். மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் அவன் சீட்டை விட்டு எழும்பி நின்று மிதிப்பான். வேர்க்கும், மூச்சு வாங்கும், ஆனால் கால் தரையில் படாது. அது அவனுக்குள் இருந்த ஒரு வீம்பு. யாரும் பார்த்துப் பாராட்டியதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பெப்ரவரியில் பலாங்கொடை கடைவீதிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மலையேற்ற சைக்கிள் ஓட்டப் போட்டி. பஸ் நிலையத்தில் தொடங்கி, தோட்டப் பாதையால் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்கிச் சுற்றிக்கொண்டு டவுனுக்கே திரும்ப வேண்டும். முப்பத்தாறு கிலோமீட்டர். சங்கங்களில் பதிந்து ஓடுகிறவர்களுக்கு இடமில்லை, சாதாரண ஆட்களுக்கு மட்டும். ஏறுகிற பகுதி அவனுடைய பதினேழு முடக்கேதான். சம்பளத்துக்குச் செய்வதைக் கப்புக்குச் செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

போட்டிக் குழுவின் செயலாளர் விண்ணப்பத்தில் பெயரைப் படித்ததும் அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையைப் பார்த்தபின் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "தோட்டத்து ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் ராஜதுரைக்குச் சங்கடமாக இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருடம் தமிழ்ப் பெயர் உள்ள ஒருவன் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. "சும்மா, ஆசைக்கு" என்றான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அவனுக்குப் பின்னால் நின்றவன் ஹஸன். கடைவீதியில் மாமாவின் சைக்கிள் கடையில் வேலை செய்கிற இருபத்து நாலு வயதுப் பையன். அவனும் போட்டிக்குப் பெயர் கொடுக்கத்தான் வந்திருந்தான்.

"ராஜதுர அண்ணே, அந்தத் தப்பால் சைக்கிள்லயா ஓடப் போறீங்க? அது சைக்கிளா, கட்டிலுக்கு ரெண்டு சில்லுப் பூட்டின மாதிரி ஈக்கு!"

அடுத்த நாளே கடையின் பின்னால் கிடந்த ஒரு பழைய ஜப்பான் கியர் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தான். போட்டி முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும் என்றான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஹஸன் டவுனிலிருந்து ஏறி வருவான், ராஜதுரை தோட்டத்திலிருந்து இறங்குவான், பாலத்தடியில் சந்தித்து இருவரும் சேர்ந்து ஏறுவார்கள். எங்கே எந்த கியர் போடுவது, எந்த முடக்கில் மூச்சைப் பிடித்துவைப்பது என்று ஹஸன் சொல்லிக் கொடுத்தான். நேரத்தைக் குறித்து வைத்தால்தான் முன்னேற்றம் தெரியும் என்று சொன்னதும் அவன்தான். ராஜதுரை ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதத் தொடங்கினான். பாலம், ஐந்து பத்து. ட்ரான்ஸ்போமர், ஐந்து இருபத்திரண்டு. காவலரண் முடக்கு, ஐந்து முப்பத்தொன்று. நாளுக்கு ஒரு பக்கம்.

மச்சான் உதயராஜ் முதலிலிருந்தே முகத்தைச் சுளித்தான். மனைவி பஞ்சவர்ணத்தின் அண்ணன், தேயிலை பெக்டரியில் வேலை.

"தன்னோட ஓட வாரவனுக்கு எவனாச்சும் சும்மா சைக்கிள் குடுப்பானா மச்சான்? உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. பாத்துக்க."

ராஜதுரை சிரித்துவிட்டான். ஆனால் அந்தப் பேச்சு காலில் தைத்த முள் மாதிரி உள்ளேயே கிடந்தது.

மார்ச் கடைசியில் நோட்டுப் புத்தகம் காணாமற் போனது. சட்டைப் பையில் இல்லை, அலமாரியில் இல்லை. பஞ்சவர்ணத்திடம் கேட்டான். "எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் பன்னிரண்டாம் மைல்கட்டைச் சோதனைச் சாவடியில் பொலிஸ் சார்ஜன் ஜயதிலக்க, "மல்லி, மெஹாட்ட எண்ட" என்று கை காட்டிக் கூப்பிட்டார். கடிதப் பையோடு வருகிறவனை அவருக்கு நன்றாகத் தெரியும், வழக்கமாகத் தலையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவார். இன்று மேசை லாச்சியைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

ராஜதுரை கடிதப் பையைக் கீழே வைத்தான். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கம் சொல்லச் சொன்னார். பாலம், ட்ரான்ஸ்போமர், காவலரண், பக்கத்தில் நேரம். தான் எழுதியதைத் தானே உரக்க வாசிக்கும்போதுதான் அது வெளியாள் காதில் எப்படி விழும் என்று அவனுக்கு உறைத்தது. காவலரண் என்ற சொல் வந்ததும் வாசிப்பதை நிறுத்தினான். போட்டி, விண்ணப்பம், ஹஸன் என்று எல்லாவற்றையும் அரைகுறைச் சிங்களத்தில் கொட்டினான். சார்ஜன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, போ. புத்தகம் இங்கேயே இருக்கட்டும். இனிமேல் எதையும் எழுதாதே" என்றார்.

"இத யார் சேர் குடுத்தது?"

"உனக்கு நல்லது நினைக்கிற ஒரு ஆள்" என்று சொல்லி அடுத்த பஸ்ஸைச் சோதிக்க எழுந்து போனார்.

அது குத்தல் பேச்சு என்றுதான் ராஜதுரை எடுத்துக்கொண்டான். ஏறுகிற வழியெல்லாம் யோசித்தான். நோட்டுப் புத்தகம் இருப்பது தெரிந்தவன் ஒருவன்தான். எழுதச் சொன்னவனும் அவன்தான். போன வாரம் இருவரும் ஓடியபோது ராஜதுரை உச்சிக்கு ஒரு நிமிடம் முந்தி வந்தான். அன்றைக்கு ஹஸன் சிரித்தானா, சிரிக்கவில்லையா? இப்போது நினைத்துப் பார்த்தால் சிரிக்கவில்லை என்றுதான் பட்டது. சாவடியில் ஹஸன் ஊர்காவல் படைக்காரர்களோடு சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டு நிற்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறான்! அப்போது அது வெறும் பகிடியாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து பாலத்தடிக்குப் போகவில்லை. நாலரைக்கே புறப்பட்டுத் தனியாக ஓடினான். நாலாம் நாள் ஹஸன் தபால் கந்தோர் வாசலில் பிடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணே, நான் பாலத்துல குளிருல நின்னுட்டுப் போறேன். சொகமில்லையா?"

"வேல கூட" என்றான் ராஜதுரை. கண்ணைப் பார்க்கவில்லை.

"போட்டிக்கு மொத நாள் சைக்கிளக் கொண்டு வாங்க, பிரேக் வயர் ரெண்டும் புதுசு போடணும். எறக்கத்துல வெளையாடேலாது."

கொண்டுபோகாமலிருந்தால் சந்தேகப்படுவான் என்று கொண்டுபோனான். ஹஸன் இரண்டு வயரையும் மாற்றி, நட்டுகளை இறுக்கி, லீவரைத் தன் முழுப் பலத்தையும் போட்டு அழுத்திப் பார்த்துத்தான் கொடுத்தான். ராஜதுரை பக்கத்தில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை போகிற வேகத்தில் என்ன செய்தான் என்று எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் லயத்து வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். சில்லு, செயின், பிரேக். எங்கே வெட்டி வைத்திருக்கிறான், எதைத் தளர்த்தி வைத்திருக்கிறான் என்று விரலால் தடவித் தேடினான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் அவனுக்கு நிம்மதி தரவில்லை, கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறான் என்றே பட்டது. தப்பால் சைக்கிளின் ஸ்பேனரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி பூட்டினான். ஸ்பேனர் அந்தச் சின்ன நட்டுகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, வழுக்கியது.

பஞ்சவர்ணம் கொழுந்துக்கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நின்று பார்த்தாள். "நல்லா இருக்கிறத ஏங்க கழட்டுறீங்க?"

"இந்தக் காலத்துல யார நம்புறது?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போட்டிக்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அலறியது. காவலுக்கு நின்ற சார்ஜன் ஜயதிலக்க ராஜதுரையைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"மனைவி வரவில்லையா?"

"வேலைக்குப் போயிட்டா சேர்."

"கெட்டிக்காரி. புத்தகத்தையும் போட்டி நோட்டீசையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, என் புருஷன் இதைத்தான் எழுதுகிறான், வேறு யாராவது வந்து வேறு மாதிரிச் சொல்வதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அரை மணித்தியாலம் நின்று பேசினாள். என்ன சிங்களம்! உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். இன்னும் சொல்லவில்லையா?"

 பஞ்சவர்ணம் தெஹியோவிட்ட இறப்பர் தோட்டத்துப் பெண், சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அவளால் அப்படிப் பேச முடியும் என்பது ராஜதுரைக்குத் தெரியும். அவளை மட்டும் அவன் நினைத்துப் பார்க்கவேயில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் ஹஸன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஏற்றத்தில் அவன் மனது எங்கோ இருந்தது, கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. ஐந்தாம் முடக்கில் பத்துப் பேரைத் தாண்டினான். பதினோராம் முடக்கில் கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையிலிருந்து "தப்பால்! தப்பால்!" என்று கத்தினார்கள். அதில் பஞ்சவர்ணத்தின் குரல் இருந்ததா என்று தெரியவில்லை. உச்சிக்கு மூன்றாவதாக வந்தான். ஹஸன் ஐந்தாவது.

மறுபக்க இறக்கத்தில் இரண்டாவது திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வயர் நட்டிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டது. பின் பிரேக் பாதிதான் பிடித்தது. கீழே லொறி போகிற பாதை, ஒரு பக்கம் பள்ளம். வேறு வழி தெரியாமல் மேட்டுப் பக்கத்து மானாப் புல்லுக்குள் சைக்கிளைச் செருகினான். தோளும் முழங்கையும் தோலுரிந்தன. எழுந்து உட்கார்ந்தபோது நாலாவதாக வந்த ஒருவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்தது ஹஸன். பிரேக்கை இழுத்துப் பிடித்து இறங்கியே விட்டான்.

"என்ன ஆச்சி? கை ஒடஞ்சா?"

"ஒண்ணுமில்ல, நீ போ! போ தம்பி!"

ஹஸனின் கண் முன் பிரேக்கில் போய் நின்றது. தொங்கிய வயரைப் பார்த்தான். நட்டு மூலைகள் ஸ்பேனர் வழுக்கித் தேய்ந்திருந்ததைப் பார்த்தான். பிறகு ராஜதுரையின் முகத்தைப் பார்த்தான். சைக்கிள் கடைக்காரனுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்லித்தரத் தேவையில்லை. தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

ராஜதுரை செங்குத்தான இடங்களில் சைக்கிளோடு ஓடியும், சமமான இடங்களில் மிதித்தும், இருபத்திரண்டாவதாக வந்து சேர்ந்தான். ஹஸன் நாலாவது. மூன்றாம் ஆளுக்கும் அவனுக்கும் இடையே இருபது செக்கன்தான். கப்பு மூன்று பேருக்குத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ராஜதுரை கடைக்குப் போனான். ஹஸன் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான்தான் கழட்டினேன்."

"தெரியும்."

"என் நோட்டுப் புத்தகம் பொலிசுக்குப் போயிருந்திச்சி. நீதான் குடுத்தேன்னு நெனச்சிட்டேன்."

ஹஸன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். "எங்களையும்தான் நாலு பேர் நாலு விதமாப் பாக்குறாங்க. ஒங்ககிட்ட அப்பிடி இல்லன்னு நெனச்சித்தான் நான் மல ஏறி வந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சைக்கிள வெச்சிட்டுப் போங்க" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். பஞ்சவர்ணம் முழங்கைக் காயத்தைக் கண்டு பதறிக்கொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் அரைத்துப் பூசும்போதுதான் கேட்டான்.

"ஏன் என்கிட்ட மறைச்ச?"

அவள் கை நின்றது. "கொழுந்து நிறுக்கிற தராசடியில வெச்சி அந்த ஊர்காவல் படைக்காரன் கேட்டான், ஒன் புருசன் விடியக்காலையில நின்னு நின்னு என்ன எழுதுறான்னு. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப் போச்சி. எரிச்சிரலாம்னு பாத்தேன். எரிச்சா எதையோ மறைச்ச மாதிரி ஆகும். அதான் நானே கொண்டு போனேன். ஒங்ககிட்ட சொல்லியிருந்தா போட்டியே வேணாம்னு ஒக்காந்திருப்பீங்க."

"அந்தப் பையன் மேல பழி விழுந்திச்சே, வர்ணம்."

"நீங்க அவன் மேல போடுவீங்கன்னு நான் கண்டேனா? யார் குடுத்திருப்பாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கி சைக்கிளக் கழட்டும்போதே சொல்லியிருக்கணும். பயந்துட்டேங்க."

அவனுக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அவள் செய்தது அவனைக் காப்பாற்றியிருக்கிறது. அவன் செய்தது யாரையும் காப்பாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணமே அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். நடந்ததை ஹஸனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹஸன் அவளை உட்கார வைத்து பால் விடாத இஞ்சி பிளேன்டி கொடுத்தான். "நீங்க செஞ்சது சரி அக்கா" என்றான். ராஜதுரைக்கும் ஒரு கோப்பை வந்தது. பேச்சு வரவில்லை.

அது வர ஜூன் மாதமாயிற்று. ஒரு காலை தபால் கந்தோர் படியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஹஸன் வந்து பக்கத்தில் நின்றான். 

"ஹட்டன் பக்கம் ஆகஸ்ட்ல ஒரு போட்டி வெக்கிறாங்களாம்" என்றான் ஹஸன். "போறதுன்னா பஸ்ல ரெண்டு சைக்கிளும் ஏத்தணும். தனியா ஏலாது அண்ணே."

"எத்தன மணி பஸ்?" என்றான் ராஜதுரை.