பழுப்புப் படிக்கட்டு

நூலகத்துக்கு மாடி வைத்தவள், படிக்கட்டு வைக்க மறந்துவிட்டாள். தான் செய்த அட்டை மாதிரியின் கூரையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. நடுவர்கள் முன்னால் அடுத்து நிற்க வேண்டியவள் அவள்தான். அந்தக் கட்டடக்கலை வகுப்பில் ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் சிரிப்பது வழக்கம்.

எவரும் காப்பியடித்துவிடக் கூடாதென்று தன் மேஜையைச் சுற்றிப் பழுப்பு அட்டையை நிறுத்தி மறைத்திருந்த மகராசி வேறு. பக்கத்து மேஜைக்காரன் அதற்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அடிப்பாவி, படி எங்க?"

"மறந்துட்டேன்டா. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ."

"சிரிக்க நேரம் ஏது? நீ கோட்டை கட்டி உக்காந்தா யாரு பார்த்துச் சொல்றது? அட்டை இருக்கா?"

வெள்ளை அட்டையில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மறைப்பையே பிடுங்கி மேஜைமேல் போட்டாள். நாலைந்து பேர் கத்தியும் பசையுமாக ஓடி வந்தார்கள். வெளிச்சுவரோரமாகப் படிக்கட்டு மளமளவென்று மாடி ஏறியது.

நடுவர்களில் ஒருவர் குனிந்து பார்த்தார். "எல்லாம் வெள்ளையா இருக்கு, படி மட்டும் ஏம்மா பழுப்பு?"

"கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அது சுவரா இருந்துச்சு சார்."

வகுப்பே சிரித்தது. அவளும்தான்.